மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்த கார் பற்றரி

இன்று பின்னேரம் ரியூசன் முடிந்து வரும்போது வவுனியா நெளுக்குளத்தில் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். சைக்கிள் சாமானும் மோட்டார் சாமானும் விற்கிற சின்னக் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் கார் முன்லைற் பல்ப்புகள் கடதாசிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. முப்பது நாற்பது பெட்டி இருக்கும். ஒரு பல்ப் மட்டும் பெட்டியில்லாமல் மேசையில் கிடந்தது. கடைக்காரர் யாருக்கோ பிரேக் கம்பி எடுத்துக் கொடுக்கும்போது அவருடைய முழங்கை பட்டு அது உருண்டது. மேசை விளிம்புக்கு வருவதற்குள் நான் பாய்ந்து பிடித்துவிட்டேன்.

"விடுங்கோ பிள்ளை, உது பழசு. எறியத்தான் வைச்சனான்" என்றார் அவர்.

நான் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு பல்ப் விழுந்து உடைவது என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது? உனக்கென்றால் சொல்லத் தேவையே இல்லை. எனக்கு முன்னால் நீ பாய்ந்திருப்பாய்.

இப்போது பெரியம்மா வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. சுவரில் ஆளி இருக்கிறது; தட்டினால் வெளிச்சம் வருகிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம், யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். யாரும் வருவதும் இல்லை. இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் இதை உனக்கு எழுதுகிறேன். இங்கே உன்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்பதால், உன்னைப் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால் உன்னிடம்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தபோது எங்களிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு. மற்றதில் என்னுடைய புத்தகங்கள். குளத்துக்குக் கீழே இருந்த உங்கள் காணியில் ஒரு மூலையைக் காட்டி, "இந்தப் பக்கமா குடிசை போட்டுக்கங்க, கெணறு கிட்டக்க இருக்கு" என்று சொன்னவர் உன் அப்பா. நீ வேலியோரம் நின்று என் பையைத் தூக்கிப் பார்த்தாய். "என்னா இது, கல்லா?" என்று கேட்டாய். புத்தகம் என்றேன். "அய்யோ, இதைத் தூக்கிக்கிட்டா கடலேரி தாண்டி வந்தீங்க? அரிசி கொண்டு வந்திருக்கலாமே!" என்றாய். அன்றைக்கே எனக்குப் 'பேராசிரியை' என்று பெயர் வைத்துவிட்டாய்.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. உங்களுடையது அம்மா இல்லாத வீடு. உங்கள் ஆட்கள் மலைநாட்டில் கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்து, காடு வெட்டி வயலாக்கி, அந்த வாய்க்கால் கரையில் குடியேறியவர்கள். அதைத் தெரிந்துகொண்டபிறகு அம்மா முதல் கொஞ்ச நாள் உங்களை 'அந்தச் சனம்' என்றுதான் சொன்னா. உனக்கும் அது கேட்டிருக்கும். நடுவில் இருந்தது கிடுகு வேலிதானே. நீ ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

உன் அப்பாவிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. அதன் எந்திரத்துக்குச் சில துளி பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். புகை வெள்ளையாக வரும். எங்கள் குடிசைக்குள்ளும் வரும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துவா. அந்தப் பக்கத்தில் பாம்பு கடித்தவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அந்த ஒரு கார்தான் இருந்தது. முன்லைற் கண்ணாடிகளின் மேற்பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது, மேலே பறப்பவற்றுக்குத் தெரியக்கூடாதென்று. மீதிப் பாதியால்தான் றோட்டைப் பார்த்து ஓடவேண்டும்.

அந்தப் பாதியும் அடிக்கடி அணைந்துபோனது. புதுப் பல்ப் போட்டால் ஒரு கிழமை, கூடினால் பத்து நாள். பிறகு அதுவும் போய்விடும். பொருள்தடையால் கார் பல்ப்பும் பற்றரியும் வன்னிக்குள் வராத காலம். யாரோ உடுப்பு மூட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது, எங்கேயோ உடைந்து கிடந்த லொறியில் கழற்றியது என்று உன் அப்பா தேடித் தேடி நான்கு எடுத்தார். நான்கும் போய்விட்டன. ஐந்தாவது ஒன்று வந்தது. அதை அவர் காரில் போடவில்லை. பஞ்சில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் வைத்து, அலுமாரியில் பூட்டினார்.

ஏன் பூட்டினார் என்று அந்தக் குடியேற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். உன் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. அத்தான் வவுனியாவுக்கு வேலைக்குப் போய், இராணுவம் பாதையைப் பூட்டியதால் அங்கேயே நின்றுவிட்டார். அதற்கு முந்தின வருடம் அக்காவின் முதல் பிள்ளைக்கு இருட்டிக்கொண்டு வருகிற மம்மல் பொழுதில் வலி கண்டது. காரில் ஒரு லைற்றும் எரியவில்லை. முன்னால் ஒருவர் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் கார் ஊர்ந்து போயிருக்கிறது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை இல்லை. உன் அப்பா அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. அக்காவின் வயிறு பெரிதாகத் தொடங்கியதும் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: "ஏன் எரிஞ்சு போகுதுன்னு தெரியாம இந்த பல்ப்ப நான் போடமாட்டேன்."

மருத்துவிச்சி ஆவணிக் கடைசி என்று சொல்லியிருந்தா. அப்போது ஆடி தொடங்கியிருந்தது.

நான்தானே பேராசிரியை. பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் மின்னியல் அலகு இருந்தது. ஒரு கொப்பியை எடுத்து, கோடு போட்டு, 'முன்லைற் பல்ப்புகள் எரிந்துபோவதற்கான காரணங்கள்' என்று தலைப்பு எழுதினேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "கார் இத வாசிச்சா உடனே சரியாயிடும்" என்றாய்.

முதலாவது காரணமாக ஆட்டத்தை எழுதியிருந்தேன். கிறவல் றோட்டுக் குழிகளில் லைற் கிண்ணம் குலுங்கிப் பல்ப்பின் கம்பி அறுகிறது என்பது என் கணிப்பு. அது ஆடுகிறதா என்று யாராவது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நீ முன் சில்லுக்கு மேலிருக்கிற மட்காட்டில் குப்புறப் படுத்து லைற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். உன் அப்பா வாய்க்கால் றோட்டால் மெதுவாகக் காரை ஓட்டினார். நான் கொப்பியோடு பக்கத்தில் ஓடி வந்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, "என்ன பிள்ளையள், காருக்குக் காய்ச்சலோ? நெத்தியைத் தொட்டுப் பாக்கிறியள்?" என்று கேட்டார். "ஓம், நூத்திமூண்டு!" என்று நீ என்னுடைய யாழ்ப்பாணக் கதையில் கத்தினாய். உன் அப்பா சிரித்த சிரிப்பில் கார் வரம்பில் ஏறப் பார்த்தது.

கிண்ணம் ஆடத்தான் செய்தது. சைக்கிள் ரியூப்பை வார்வாராக வெட்டி இறுக்கிக் கட்டினோம். பிறகு ஈரமாக இருக்கலாம் என்று எழுதினேன். கண்ணாடி விளிம்பைச் சுற்றித் தேன்மெழுகை உருக்கிப் பூசினாய். சோதிப்பதற்குப் பெரிய பல்ப் இல்லாததால் பக்கத்து லைற்றின் சின்னப் பல்ப் ஒன்றை முன்னால் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அதுவும் போனது. நான் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குலுங்கி அறுந்திருந்தால் கம்பி இரண்டாகத் தொங்க வேண்டும். இது உருகி, கண்ணாடியில் கரியாகப் படிந்திருந்தது. கூடுதலான மின் வந்திருக்கிறது.

"ஏத்தத்துல எஞ்சின் கத்துறப்பதான் போகுது" என்று உன் அப்பா அப்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் அந்தப் பக்கத்தை உனக்குச் சத்தமாக வாசித்தேன். எந்திரம் வேகமாகச் சுழன்றால் டைனமோ கூடுதலாக மின் தரும். அந்தக் கூடுதலைக் கட்டுப்படுத்துகிற பெட்டி உங்கள் காரில் எப்போதோ பழுதாகி, கம்பியை நேராக இணைத்துவிட்டிருந்தார்கள். அப்படியென்றால் கூடுதலாக வருவதை வாங்கி வைத்துக்கொள்ளப் பற்றரி ஒன்றுதான் இருக்கிறது. நான் இதைச் சுற்றிச் சுற்றி விளங்கப்படுத்த, நீ ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாய்: "கொளம் இல்லாட்டி மழத்தண்ணி பூரா வாய்க்கால்ல வரும்ல. வாய்க்கால் ஒடைஞ்சிடும். அதான?"

அதேதான். புத்தகத்தில் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கவில்லை. சொல்லிவிட்டு நீ சட்டென்று பேச்சை மாற்றினாய். வெளியே போய்க் கோழியைக் கூட்டில் அடைத்தாயோ என்னவோ, கொஞ்ச நேரம் வரவே இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

இனி அந்தப் பற்றரியைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் மாலையில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். ஒரு சின்னப் பல்ப்பைக் கொளுவினால் வீட்டுக்கு வெளிச்சம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பற்றரி எங்கள் குடிசைக்கு வந்தது. ஆறரை மணிக்கு அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஒரு கையால் பிடித்தபடி உருட்டிக்கொண்டு வருவாய். "பேராசிரியைக்குச் சூரியன் வந்திரிச்சி" என்று வாசலில் சத்தம் போடுவாய். எட்டரை வரைக்கும் நான் படிப்பேன். நீயும் கொப்பியை விரித்து வைத்திருப்பாய், ஆனால் எழுதமாட்டாய். "நீ சத்தமா வாசி, எனக்கு அது போதும்" என்பாய். சரித்திரம் வாசித்தால் கேள்வி கேட்பாய். கணக்கு வாசித்தால் நித்திரையாகிவிடுவாய். உன் அப்பா ஒருநாளும் வேண்டாமென்று சொல்லவில்லை. "வெளிச்சம்தான, எடுத்துட்டுப் போகட்டும். நம்ம வீட்ல யாரு படிக்கிறா?" என்றாராம். அம்மா 'அந்தச் சனம்' என்று சொல்வதை நிறுத்தியது அப்போதுதான்.

உன் அப்பாவுக்கு இடுப்பு வலி. அதனால் காலையில் பற்றரியைத் திருப்பிக் காரில் பூட்டுவது உன் வேலை.

அந்தக் காலை எனக்குத் துலக்கமாக இருக்கிறது. உன் அப்பா எந்திரத்தை ஓட விட்டுவிட்டு உள்ளே இருந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார். சோதனைக்கு மிஞ்சியிருந்த கடைசிச் சின்னப் பல்ப் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. நான் எந்திர மூடியைத் தூக்கியிருந்த பொனற்றுக்குள் குனிந்து, படித்த வரிசைப்படி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பற்றரியின் ஈயக் குமிழில் கம்பியைப் பிடித்திருக்கிற கவ்வியில் என் விரல் பட்டதும் பல்ப் பளீரென்று வெள்ளையாகி மீண்டும் மஞ்சளானது. விரலை எடுத்தேன். மறுபடி தொட்டேன். மறுபடியும் பளீர்.

கவ்வியைச் சுற்றிக் கிறீஸ் அப்பியிருந்தது. விரலால் வழித்தேன். உள்ளே, குமிழுக்கும் கவ்விக்கும் நடுவே, பால்மா ரின்னில் வெட்டின ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. ஈயக் குமிழ் கூர் தேய்ந்த பென்சில் மாதிரி ஆகியிருந்தது. கவ்வி அதைப் பிடிக்கவே இல்லை. குழியில் கார் விழும்போதெல்லாம் தகரம் நழுவும், பற்றரியின் இணைப்பு விடுபடும், டைனமோவின் மின் முழுவதும் முன்லைற்றில் பாயும்.

குமிழ் ஏன் அப்படித் தேய்ந்தது? தினமும் கழற்றித் தினமும் பூட்டியதால். தினமும் ஏன் கழற்றினோம்?

நிமிர்ந்தேன். பொனற்றுக்கு அந்தப் பக்கத்தில் நீ நின்றாய்.

"என்னா பாப்பா, ஏதாச்சும் தெரியுதா?" என்று உள்ளேயிருந்து உன் அப்பா கேட்டார்.

பரீட்சைக்கு நான்கு மாதம்கூட இல்லை. எங்களிடம் மண்ணெண்ணெய் ஒரு போத்தல்கூட இல்லை. கிடைக்கிறது எல்லாம் காருக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போய்விடும். கவ்வி என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து பற்றரி காரை விட்டு இறங்காது. இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் என் தலைக்குள் ஓடியது. இவ்வளவு வேகமாக நான் எந்தக் கணக்கும் செய்ததில்லை.

"தெரியேல்லை மாமா. இன்னும் கொஞ்சம் வாசிச்சுப் பாக்க வேணும்" என்றேன்.

வழித்த கிறீஸை மறுபடி அப்பிவிட்டேன். அதையும் நான்தான் செய்தேன்.

உன் அப்பா எந்திரத்தை நிறுத்தினார். அக்கா குசினி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. "பரவால்லம்மா, நாளைக்குப் பாப்பீங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தா. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையும் நீ ஆறரைக்கு வந்தாய். சைக்கிள் இல்லை. பற்றரி இல்லை. கையில் ஒரு குப்பி விளக்கு. பழைய மருந்துப் போத்தலில் திரி போட்டது. அதில் பாதிக்கு மண்ணெண்ணெய்.

"பற்றரி?" என்று கேட்டேன். கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததோ.

"இனிமே அது வராது" என்றாய். "மீன் வலையில கட்டுற ஈயம் ரெண்டு குண்டு வாங்கியாந்தேன். கல்லுல வச்சித் தட்டித் தகடாக்கி, அந்தக் குமிழச் சுத்தி, கவ்வியப் போட்டு இறுக்கிட்டேன். அசையல. கழட்டுனா ஈயம் பிஞ்சிடும்." விளக்கைக் கீழே வைத்தாய். "வாசி. சத்தமா வாசி."

என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. குப்பி விளக்கின் புகைக்கு எனக்குக் கண் எரிந்தது. அது புகையால்தான் என்று நீ நினைக்கவேண்டும் என்று விரும்பினேன். எண்ணெய் காரிலிருந்து இழுத்ததாகத்தான் இருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

பதினைந்து நாள் ஓடியது. அலுமாரிக்குள் இருந்த பல்ப் காருக்கு வந்தது. எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. எங்கிருந்தோ இன்னுமொன்று தேடி மற்றப் பக்கத்துக்கும் போட்டார்கள்.

ஒரு விடியப்புறம் அக்காவின் சத்தம் கேட்டு எழும்பினேன். வேலிக்கு மேலால் பார்த்தேன். எந்திரம் எழும்பியது. இரண்டு லைற்றும் எரிந்தன. நீ அக்காவின் தலையை மடியில் வைத்துப் பின்னால் இருந்தாய். குளக்கட்டில் வெளிச்சம் போகிறது, மரத்துக்குப் பின்னால் மறைகிறது, மறுபடி தெரிகிறது. அது ஒரே வேகத்தில் போனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மறைவிலும் மூச்சை அடக்கினேன். அம்மா என் பின்னால் வந்து நின்று, "பல்ப் நிக்குமே?" என்று கேட்டா.

கார் திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பட்டப்பகலில் இரண்டு முன்லைற்றும் எரிந்துகொண்டிருந்தன. உன் அப்பா அணைக்க மறந்துவிட்டாரென்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. வாய்க்கால் றோட்டு முழுவதும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கியதும், "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் என்னிடம் வந்து தலையில் கை வைத்தார். "இந்தப் பாப்பாதான் கண்டுபுடிச்சிச்சி. கவ்விக்கு ஈயம் வைக்கச் சொல்லிப் புத்தகத்தைப் பாத்துச் சொன்னிச்சாம். படிப்புன்னா இதுதான்யா படிப்பு."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அன்று கிணற்றடியில்தான் உன்னிடம் கேட்டேன். நீ இரத்தக்கறை பட்ட சீலையை அலசிக்கொண்டிருந்தாய். "ஏன் அப்பிடிச் சொன்னனி? நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீ கண்டுபுடிச்சதானே. சொல்லாம விட்டது வேற."

"உனக்கு... எப்ப தெரியும்?"

நீ சீலையைப் பிழிந்தாய். "ரெண்டாவது பல்ப் போனப்பவே."

இரண்டாவது பல்ப்! அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போயிருந்தன. மட்காட்டில் படுத்து நூற்றுமூன்று என்று கத்தியபோதும் உனக்குத் தெரியும். தேன்மெழுகு உருக்கியபோதும் தெரியும். அந்தத் தகரத்தைச் செருகியதும் கிறீஸ் அப்பியதும் நீதானே. உன் அப்பா, "கவ்வி இறுக்கமா இருக்கா?" என்று ஒவ்வொரு காலையும் கேட்டார், "இருக்குப்பா" என்று ஒவ்வொரு காலையும் நீ சொன்னாய்.

"தெரிஞ்சும் ஏன் கொண்டுவந்தனி? எனக்குப் பரீட்சை எண்டதாலயோ?"

நீ சிரித்தாய். "உனக்காகன்னு நெனச்சியா? பேராசிரியைக்கு ஆசையப் பாரு." பிறகு சிரிப்பு நின்றது. "வீட்ல அக்கா பேசாது, அப்பா பேசாது. பொழுது சாய்ஞ்சா ஆளுக்கொரு மூலை. உங்க வீட்ல வந்து உக்காந்தா நீ வாசிப்ப, உங்கம்மா எதாச்சும் திட்டுவாங்க, வீடு மாதிரி இருக்கும். எனக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் வேணும். அதான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு நிப்பாட்டிரலாம், நாளைக்கு நிப்பாட்டிரலாம்னு..."

சீலையை உதறிக் கொடியில் போட்டாய்.

"நீ தெரியேல்லைன்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்திரிச்சி" என்றாய் முதுகைக் காட்டிக்கொண்டு. "நான் ஒருத்தி பொய் சொன்னா நீ கண்டுபுடிச்சிருவன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீயும் சொல்லிட்டா யாரு கண்டுபுடிக்கிறது?"

பிறகு திரும்பி, "அப்பாகிட்ட சொல்லாத. அந்த மனுசன் இப்பதான் வீட்ல சிரிக்கிது" என்றாய்.

நான் சொல்லவில்லை. குப்பி விளக்கிலேயே படித்து முடித்தேன். பரீட்சை எழுதினேன், நல்ல பெறுபேறு வந்தது. நான் வன்னியை விட்டு வெளியேற அம்மா பாஸ் எடுத்து, என்னை மட்டும் வவுனியாவுக்குப் பெரியம்மாவிடம் அனுப்பினா. நான் வெளிக்கிட்ட அன்று உன் அக்காவின் குழந்தை என் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. "விடாத, புடிச்சிக்க" என்று நீ அதன் காதில் சொன்னாய். பிறகு அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீயே பிரித்துவிட்டாய்.

அதற்கடுத்த மாரிக்குப் பிறகுதான் உனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. செய்தி எனக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. பாதையால் வந்த யாரோ ஒருவரின் கையில் உன் அப்பா கடிதம் கொடுத்து விட்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. மலேரியா தலைக்கு ஏறிவிட்டதாம். மூன்று நாள்தான் இருந்தாயாம். ஒரு வரியில் அவர் சொன்னது அப்படியே இருந்தது: "கார்லதான் கொண்டு போனேன் பாப்பா. லைட்டெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சிச்சி."

அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேனென்று தெரியாது. சத்தமாக வாசிக்க ஒரு தடவையும் முடியவில்லை.

இங்கே நான் கெட்டிக்காரி. பௌதிகவியல் ஆசிரியர் என்னை எழுப்பிப் பதில் சொல்லச் சொல்வார். சொல்வேன். பிள்ளைகள் கொப்பி இரவல் கேட்பார்கள். கொடுப்பேன். பிறகு அறைக்கு வந்து ஆளியைத் தட்டுவேன். கதவுக்கு வெளியே பெரியம்மாவின் வானொலி கதைத்துக்கொண்டிருக்கும். ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு சைக்கிள் வீட்டு முன் ஒழுங்கையால் போகும், போய்விடும். நீ முன்பு சொன்ன 'ஆளுக்கொரு மூலை' என்றால் என்னவென்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. அங்கே இருந்தபோது, நான் உனக்கு ஏதோ செய்துகொண்டிருந்தேன் என்றே எனக்குத் தெரியாது. வெளிச்சம் கொண்டுவருகிறவள் நீ, வாங்குகிறவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் உன் அப்பாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. குழந்தை நன்றாகக் கதைக்கிறதாம். காரைக் கண்டால் முன்னால் போய் நின்று லைற்றைத் தட்டுமாம். "இவளையும் உங்கள மாதிரி படிக்க வைக்கணும். இவ பொறந்ததே உங்க படிப்பாலதான்னு தினமும் சொல்லிக் குடுக்கிறேன்" என்று எழுதியிருந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குத் தினமும்!

அதைத் தாங்க முடியவில்லை. நீ சொல்லாதே என்றாய். மூன்று வருடமாக அதைக் காப்பாற்றினேன். போன ஞாயிற்றுக்கிழமை காப்பாற்றாமல் விட்டேன். அவருக்குப் பதில் எழுதினேன். கவ்வி தேய்ந்தது என் படிப்புக்காகத்தான் என்று எழுதினேன். அதை நான் கண்ட காலையும், தெரியாது என்று சொன்னதையும், கிறீஸை மறுபடி அப்பியதையும் எழுதினேன். ஈயம் வைத்தது முழுக்க உங்கள் சின்ன மகளின் யோசனை, நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, குழந்தைக்கு இனிமேல் அவளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை பாதையால் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் இல்லை. அவர் இனி எனக்கு எழுதாமலும் விடலாம். அப்படியென்றால் உன் வீட்டிலிருந்து எனக்கு வருவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. இரண்டாவது பல்ப்பிலேயே உனக்குத் தெரியும் என்பதை. தகரத் துண்டை வெட்டிச் செருகியது யார், ஒவ்வொரு காலையும் "இருக்குப்பா" என்று சொன்னது யார், என்பதை. அவர் கேட்டாலும் சொல்லமாட்டேன். தன்னிடம் ஒன்றும் மறைக்காத பிள்ளை என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்கு நீ அப்படியே இரு. உன்னுடைய பங்கு என்னிடம் இருக்கிறது. அதை வேறு யாரோடும் பகிரப்போவதில்லை. உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.